கேமரா மட்டும் தண்ணீரில்: முட்டையிடும் சால்மனைப் படமெடுக்க ஒரு முழுமையான வழிகாட்டி

கோலாலம்பூரின் செந்தூல் பக்கம் பெயின்ட் கடைகளில் ரோலர் மாட்டுவதற்கென்று ஓர் அலுமினியக் கம்பு விற்பார்கள். இழுத்தால் மூன்று மீட்டர் நீளும். என்னிடம் உள்ள சால்மன் படங்களில் தேறியவை எல்லாம் அந்தக் கம்பின் முனையில் சின்னக் கேமராவை மாட்டி எடுத்தவை. பெரிய கேமராவையும் அதற்கேற்ற ஹவுசிங் என்னும் நீர் புகாத உறையையும் வாடகைக்கு எடுத்துச் சுமந்துகொண்டுதான் போனேன். அவை பெரும்பாலும் பைக்குள்ளேயே தூங்கின.

2022 அக்டோபரில் கனடாவின் ஆடம்ஸ் ஆற்றுக்குக் கிளம்பியபோது அம்மா கேட்டார்: “மீனைப் படம் புடிக்க அவ்ளோ தூரம் போவணுமா? செந்தூல் மார்க்கெட்ல இல்லாத மீனா?” உண்மையில் அந்த மீன் இங்கே இல்லை. நம் சந்தையில் சிலர் இந்தியன் சால்மன் என்று சொல்லும் காலா மீன், மலாய்க்காரர்களின் செனாங்கின், வேறு குடும்பம். சூப்பர்மார்க்கெட்டில் ஆரஞ்சு நிறத் துண்டுகளாக அடுக்கி வைத்திருப்பது பெரும்பாலும் பண்ணையில் வளர்ந்த அட்லாண்டிக் சால்மன். நான் சொல்லப் போவது பசிபிக் சால்மனைப் பற்றி. கடலில் வளர்ந்து, பிறந்த ஆற்றுக்கே திரும்பி வந்து, முட்டையிட்டுவிட்டு அங்கேயே செத்துப்போகும் மீன்.

இந்த வழிகாட்டி முழுவதும் ஒரே விஷயத்தைத்தான் சுற்றி வரும். நீங்கள் தண்ணீரில் இறங்காதீர்கள், கேமராவை மட்டும் இறக்குங்கள். மற்ற எல்லாம் அதற்கான ஏற்பாடு.

எங்கே, எப்போது

ஆடம்ஸ் ஆறு பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில், கம்லூப்ஸ் நகருக்குக் கிழக்கே இருக்கிறது. சாக்கை என்னும் செந்நிறச் சால்மன் கடலிலிருந்து ஃபிரேசர் ஆற்றில் ஏறி, ஏறத்தாழ 500 கிலோமீட்டர் எதிர்நீச்சல் போட்டு இங்கே வருகிறது. பெரும்பாலான மீன்கள் நான்கு வயதில் திரும்புவதால் நான்கு ஆண்டுக்கு ஒருமுறை பெரும் கூட்டம் வரும். 2010, 2014, 2018, 2022 என்று வந்த வரிசையில் அடுத்தது 2026. இடைப்பட்ட ஆண்டுகளிலும் மீன் உண்டு, ஆனால் ஆறே சிவந்து கிடக்கும் காட்சி கிடைக்காது. அக்டோபர் முதல் மூன்று வாரங்களை வைத்துத் திட்டமிடுங்கள். 2026 தீபாவளி நவம்பர் 8 என்பதால் பலகாரத்துக்கு வீடு திரும்பிவிடலாம்.

பார்க்க வேண்டிய இடத்தின் பெயர் சூச்வெக் மாகாணப் பூங்கா. 2018 வரை ரோடரிக் ஹெய்க்-பிரவுன் பூங்கா என்று இருந்தது, பழைய வரைபடங்களில் அந்தப் பெயரே வரும். வான்கூவரிலிருந்து காரில் ஐந்து மணி நேரம் போல ஆகும். 2023 ஆகஸ்ட்டில் அந்த வட்டாரத்தைக் காட்டுத்தீ கடுமையாகத் தாக்கியது. எந்தப் பாதை திறந்திருக்கிறது என்று பூங்காவின் அறிவிப்பைப் பார்த்துவிட்டு டிக்கெட் போடுங்கள். மலேசியக் கடப்பிதழுக்குக் கனடா விசா வேண்டும், அதைக் கடைசி மாதத்துக்குத் தள்ளிப்போடாதீர்கள்.

அவ்வளவு செலவு முடியாது என்றால் ஜப்பானின் ஹொக்காய்டோ இருக்கிறது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

மீன் என்ன செய்கிறது என்று முதலில் படியுங்கள்

கேமரா வாங்குவதற்கு முன் செய்ய வேண்டிய வேலை இது. சால்மன் முட்டையிடுவதற்கு ஓர் ஒழுங்கு உண்டு. அது தெரிந்தால் எப்போது ஷட்டரை அழுத்துவது என்று கைக்குத் தெரியும். தெரியாவிட்டால் ஆயிரம் படம் எடுத்தாலும் ஆயிரமும் சும்மா மீன் நிற்கிற படம்தான்.

பெண் மீன் கூழாங்கல் படுகையில் இடம் பார்க்கிறது. பிடித்துப்போனால் ஒருக்களித்துப் படுத்து வாலால் ஓங்கி ஓங்கி அடிக்கும். கற்கள் எகிறி, மண் நீரோடு போய், சுத்தமான ஒரு குழி உருவாகும். பாசி படிந்த கற்களுக்கு நடுவே வெளிறிய நீள்வட்டமாகக் கரையிலிருந்தே அது தெரியும். அந்த முட்டைக்குழிக்குக் கீழ்ப்பக்கம், நீர் ஓடும் திசையில், ஒரு சின்ன மேடு இருக்கும். பலர் மிதிப்பது அந்த மேட்டைத்தான், குழியைத் தாண்டிவிட்டோம் என்ற நிம்மதியில். ஏற்கெனவே இட்ட முட்டைகள் புதைந்து கிடப்பது அங்கேதான். ஒரு பெண் சாக்கை மூவாயிரம், நாலாயிரம் முட்டைகள் சுமந்து வருகிறது. உங்கள் பூட்ஸ் ஒரு முறை இறங்கினால் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

குழி ஆழமானதும் பெண் மீன் பின்துடுப்பை இறக்கி அடியைத் தடவிப் பார்க்கும். நான் கவனித்தவரை, அது அடிக்கடி அப்படித் தடவத் தொடங்கினால் நேரம் நெருங்குகிறது. ஆண் மீன் பக்கத்தில் வந்து உடலை நடுக்கும். பின்னால் இன்னும் இரண்டு மூன்று ஆண்கள் காத்திருக்கும், கடிக்கும், துரத்தும். பிறகு இரண்டும் ஒட்டி நின்று ஒரே நேரத்தில் வாயை அகலத் திறக்கும். முட்டையும் விந்தும் வெளியேறுவது அப்போதுதான். சில விநாடிகளில் முடிந்துவிடும். பால் கலந்தது போல ஒரு மேகம் பரவிக் கரையும். உடனே பெண் மீன் நீர் வரும் பக்கம் சற்று நகர்ந்து மறுபடி வாலடிக்கும், இந்த முறை முட்டைகளை மூட.

ஆக, பிடிக்க வேண்டிய காட்சிகள் மூன்று: வாலடி, ஆண்களின் சண்டை, வாய் திறப்பு. முதல் இரண்டும் நாளெல்லாம் நடக்கும். மூன்றாவதற்குக் கொக்கு மாதிரி நிற்க வேண்டும்.

இன்னொன்று. இந்த மீன் ஆற்று நீருக்குள் வந்தபின் சாப்பிடுவதில்லை. உடம்பில் சேர்த்து வைத்த கொழுப்பைக் கரைத்துத்தான் இவ்வளவும் செய்கிறது. தசையில் இருந்த ஆரஞ்சு நிறமி தோலுக்கு ஏறுவதால்தான் உடல் சிவக்கிறது. தலை மட்டும் பச்சையாகிறது. நாம் ஒருமுறை விரட்டினால் அது செலவழிக்கும் பலத்தைத் திரும்பச் சம்பாதிக்க அதற்கு வழியே கிடையாது. தண்ணீரில் இறங்காதே என்று நான் பிடிவாதம் பிடிப்பது அதனால்தான். ஆடம்ஸ் கரையிலும் மனிதர்களும் நாய்களும் ஆற்றில் இறங்கக் கூடாது என்றே கேட்டுக்கொள்கிறார்கள். முகமூடி போட்டு நீந்தியே தீர வேண்டுமென்றால் வான்கூவர் தீவில் கேம்பல் ரிவர் என்ற ஊரில் வழிகாட்டியோடு ஆற்றில் மிதந்து போகும் சுற்றுலா உண்டு. அது ஆழமான, ஓட்டமான நீர். நாம் பேசும் முழங்கால் ஆழம் அல்ல.

சாமான்கள்

கேமரா: ஒரு கோப்ரோ, அல்லது ஒலிம்பஸ் டிஜி வரிசை போல ஹவுசிங் இல்லாமலே 15 மீட்டர் தாங்கும் கைக்கேமரா போதும். ஒரு சாண் ஆழத்துக்கு இரண்டாயிரம் ரிங்கிட் ஹவுசிங் எதற்கு? சின்னக் கேமராவின் இன்னொரு லாபம், முப்பது சென்டிமீட்டர் நீரில் முழுவதும் அமிழும், நிழலும் சிறிதாக விழும்.

அதன் குறையையும் தெரிந்துகொள்ளுங்கள். தட்டைக் கண்ணாடி வழியாகத் தண்ணீருக்குள் பார்த்தால் எல்லாம் கால் பங்கு கிட்டே வந்தது போலத் தெரியும், பார்வைக் கோணமும் குறுகிவிடும். குவிந்த டோம் கண்ணாடி போட்டால் கோணம் மீண்டும் விரியும். அதோடு, நிலையான ஃபோகஸ் கொண்ட ஆக்‌ஷன் கேமராக்களில் ஓர் அடிக்குள் வரும் எதுவும் மங்கும். மீன் மூக்கை வந்து முட்டினால் உற்சாகப்படாதீர்கள், அந்தப் படம் தேறாது.

கம்பு: மேலே சொன்ன பெயின்ட் கம்பு. அதன் முனைத் திருகு ரோலருக்கானது, கேமராவின் கால் அங்குலத் திருகுக்கு மாற்ற ஓர் அடாப்டர் வேண்டும். கேமராவோடு ஒரு பாதுகாப்புக் கயிற்றையும் கட்டி, மறுமுனையை உங்கள் மணிக்கட்டில் மாட்டுங்கள்.

அடித்தட்டு: வீட்டில் குழி விழுந்து ஒதுக்கி வைத்திருந்த இரும்புத் தோசைக்கல் நடுவில் ஒரு துளை போட்டு, போல்ட் மாட்டி, அதன்மேல் கேமராவை நிறுத்தினேன். இரண்டு கிலோ கனம், தட்டை, ஓடும் நீரில் அசையாது. விமான நிலையத்தில் பெட்டியைத் திறக்கச் சொன்னபோது விளக்கத்தான் கொஞ்சம் நேரமானது.

ரிமோட்: இங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள். வைஃபை, புளூடூத் இரண்டும் தண்ணீருக்குள் சில சென்டிமீட்டரிலேயே செத்துவிடும். கைப்பேசியில் பார்த்துக்கொண்டு அழுத்தலாம் என்று நம்பிப் போனால் வெறும் கறுப்புத் திரைதான். இரண்டு வழி உண்டு. ஒன்று, கேமராவே இரண்டு விநாடிக்கு ஒரு படம் எடுக்கும்படி டைம்லாப்ஸ் வைப்பது. மற்றது, மெல்லிய கோஆக்சியல் கேபிளின் இரு முனையிலும் மேலுறையைச் சீவி, உள்கம்பி மூன்று சென்டிமீட்டர் வெளியே நிற்கும்படி செய்து, நீர் புகாமல் டேப் சுற்றி, ஒரு முனையைக் கேமரா மீதும் மறுமுனையைக் கம்பின் உச்சியில் கைப்பேசி மீதும் ஒட்டுவது. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசைக்கு இது வேலை செய்கிறது. பார்க்க அசிங்கமாக இருக்கும், பரவாயில்லை.

கோலாலம்பூரிலேயே பழகுங்கள்

முதல் சோதனை வாளியில். ஹவுசிங் வைத்திருப்பவர்கள் கேமரா இல்லாமல் உள்ளே டிஷ்யூ தாள் வைத்து மூடி, மேலே கனம் வைத்து அரை மணி நேரம் அமிழ்த்துங்கள். தாள் நனைந்திருந்தால், மூடியின் விளிம்பில் நீரைத் தடுக்கும் ரப்பர் வளையமான ஓ-ரிங்கைப் பாருங்கள். பெரும்பாலும் ஒரு முடியோ மணல் துகளோ இருக்கும். ஓ-ரிங்குக்குச் சிலிக்கான் கிரீஸை விரலில் தேய்த்து மினுக்கம் வரும் அளவுக்குத் தடவினால் போதும். அதிகம் பூசினால் அதுவே தூசியைப் பிடித்து வைக்கும்.

அடுத்தது கொண்டோ நீச்சல் குளம். சிவப்புத் துணி ஒன்றைக் கல்லில் கட்டிப் படியில் போட்டுவிட்டு, கம்பு முனையிலிருந்து அது சட்டகத்துக்குள் வருகிறதா என்று திரையைப் பார்க்காமலே எடுத்துப் பழகுங்கள். முதல் நாள் எனக்குப் பாதிப் படங்களில் வானமும் மீதியில் டைல்ஸும்தான் விழுந்தன. கம்பில் கேமரா நேராக நிற்கும் கோணத்தை மார்க்கர் பேனாவால் ஒரு கோடு போட்டு வைத்த பிறகுதான் சரியானது. குளத்தில் குழந்தைகள் இருக்கும்போது இந்தச் சோதனை வேண்டாம். கம்பு முனையில் கேமராவோடு ஓர் ஆள் நின்றால் யாருக்கும் சந்தேகம் வரத்தான் செய்யும்.

மூன்றாவது, உண்மையான ஆறு. கோலகுபு பாரு அருகே சுங்கை சிலிங்கில் கெலா மீன் பாதுகாக்கப்படுகிறது. கெலா கெண்டைக் குடும்பம், சால்மனுக்கு உறவில்லை. ஆனால் தெளிந்த ஆழமில்லாத நீர், கூழாங்கல் அடி, ஓட்டத்தை எதிர்த்து நிற்கும் பெரிய மீன், செதிலில் செம்மை என்று பழக்கத்துக்கு இதைவிட நல்ல இடம் பக்கத்தில் இல்லை. திறந்திருக்கும் நாள்களை முன்கூட்டியே கேட்டுக்கொண்டு போங்கள். பாதையில் ஆற்றைப் பல முறை கடக்க வேண்டும். மலையில் மழை பெய்தால் கெப்பாலா ஆயர் என்னும் திடீர் வெள்ளம் வரும். நீங்கள் நிற்கும் இடத்தில் வெயில் அடித்தாலும் வரும். நீர் சட்டென்று கலங்கினாலோ, இலையும் சுள்ளியும் கூட்டமாக மிதந்து வந்தாலோ, கேமராவை விட்டுவிட்டாவது மேடேறுங்கள். காலில் புண் இருந்தால் அன்று போகவே வேண்டாம், எலிக்காய்ச்சல் நம் ஆறுகளில் உண்மையான ஆபத்து.

ஆற்றங்கரையில்

முதல் ஒரு மணி நேரம் கேமராவைத் தொடாதீர்கள். நீரின் பளபளப்பைக் குறைக்கும் போலரைசர் கண்ணாடி போட்டுக்கொண்டு கரையில் மெதுவாக நடந்து, வெளிறிய குழிகள் எங்கே, எந்தக் குழியில் பெண் மீன் விடாமல் நிற்கிறது, ஆண்கள் எந்தப் பக்கமிருந்து வருகின்றன என்று பாருங்கள். கரையிலிருந்து இரண்டு மீட்டருக்குள் இருக்கும் குழி ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். தூரத்துக் குழி எவ்வளவு அழகாக இருந்தாலும் உங்களுக்கானது அல்ல.

அப்புறம், கேமராவை எங்கே வைப்பது? சால்மன் எப்போதும் ஓட்டத்தை எதிர்த்தே முகம் காட்டும். மீனுக்கு நேர் எதிரே, நீர் வரும் பக்கம் வைத்தால் முகம் கிடைக்கும், ஆனால் நீங்கள் கிளப்பும் மண் நேரே மீன்மேல் போகும், அதன் வழியும் மறிபடும். நீர் போகும் பக்கம் வைத்தால் வால்தான் கிடைக்கும், முட்டை மேடும் அங்கேதான். பக்கவாட்டில், கரையோரத்தில், குழியிலிருந்து நீர் வரும் பக்கம் அரை அடி தள்ளி, லென்ஸை மீனின் கண் மட்டத்தில் கோணமாகத் திருப்பி வையுங்கள். கண் மட்டம் என்பது அடியிலிருந்து ஒரு சாண்தான். மேலிருந்து எடுத்தால் முதுகு மட்டும் தெரியும், மார்க்கெட் பலகையில் கிடக்கும் மீன் போல.

தோசைக்கல்லோ வேறு அடித்தட்டோ வைப்பதானால், அதைப் பூங்கா ஊழியரிடம் காட்டி அனுமதி கேட்ட பிறகே, குழியில்லாத ஓரத்தில், கரையில் மண்டியிட்டபடி இறக்குங்கள். வைத்ததும் பின்வாங்கிவிடுங்கள். பத்து மீட்டர் தள்ளி ஒரு மரத்தடியில் உட்காருங்கள். மீன் விலகும், சுற்றும். எனக்கு முதல் பெண் மீன் திரும்பக் கால் மணி நேரம் ஆனது. அதன் பிறகு அது கேமராவை இன்னொரு கல்லாகவே எடுத்துக்கொண்டது. ஓர் ஆண் மீன் லென்ஸுக்கு முன்னால் வந்து நின்று தன் பிம்பத்தைக் கடிக்க வந்ததும் உண்டு. அரை மணி நேரமாகியும் பெண் மீன் குழிக்குத் திரும்பாவிட்டால் கேமராவை எடுத்துவிட்டு வேறு இடம் பாருங்கள்.

கம்பில் எடுக்கும்போது மெதுவாக, நீர் வரும் பக்கமிருந்து மிதக்கும் கிளை வருவது போல நகர்த்துங்கள். உங்கள் நிழல் தண்ணீரில் விழுந்தால் ஆட்டம் முடிந்தது.

அக்டோபரில் அந்த நீர் 10 டிகிரியை ஒட்டி இருக்கும். பேட்டரி சீக்கிரம் இறங்கும், உதிரி பேட்டரிகளைச் சட்டைப் பையில் உடம்புச் சூட்டில் வையுங்கள். கறுப்புக் கரடிகளும் இந்த மீனுக்காக வரும். கரடி ஸ்பிரேயை விமானத்தில் எந்தப் பையிலும் கொண்டுபோக முடியாது, அங்கே போய் வாங்குங்கள். தனியாக இருந்தால் சத்தமாகப் பேசிக்கொண்டே நடங்கள். தமிழ் கேட்டுக் கரடி ஓடுமா என்று கேட்காதீர்கள், சத்தம்தான் முக்கியம்.

செட்டிங்

ரா கோப்பாக, அதாவது கேமரா பதப்படுத்தாத மூலக் கோப்பாக எடுங்கள். வாலடிக்கும் சண்டைக்கும் ஷட்டர் 1/500-க்குக் குறையக் கூடாது, முடிந்தால் 1/1000. லென்ஸ் துவாரத்தை மாற்ற முடிந்து எஃப் 8 கிடைக்கும் கேமராவானால் எஃப் 8. ஐஎஸ்ஓ 1600 வரை ஏறினாலும் கவலைப்படாதீர்கள், புள்ளி விழுந்த படத்தைச் சரிசெய்யலாம், அசைந்த படத்தை ஒன்றும் செய்ய முடியாது. ஒயிட் பேலன்ஸை ஆட்டோவில் விட்டால் சட்டகம் முழுக்கச் சிவப்பு மீன் வரும்போது கேமரா குழம்பி எல்லாவற்றையும் நீலமாக்கும். 5500 கெல்வினில் நிறுத்தி வையுங்கள். இந்த ஆழத்தில் சிவப்பு நிறம் கரைந்துபோவதில்லை, சிவப்பு ஃபில்டர் தேவையில்லை. ஃபிளாஷ் வேண்டவே வேண்டாம்.

வாய் திறப்பைக் குறிவைத்தால் 4கே வீடியோ எடுத்து அதிலிருந்து ஒரு சட்டகத்தை எடுப்பது நம்பகமான வழி. எட்டு மெகாபிக்சல் கிடைக்கும். வீடியோவிலும் ஷட்டரை 1/240-க்கு மேல் வைக்க மறக்காதீர்கள், இல்லையென்றால் எடுக்கும் சட்டகம் எல்லாம் குழம்பியிருக்கும்.

மேகமூட்டமான நாளை வரவேற்க வேண்டும். உச்சி வெயிலில் அலைகளின் ஒளிக்கோடுகள் மீன் முதுகில் வலை போல விழும். ஒரு படத்துக்கு அழகு, பத்தாவது படத்தில் சலிக்கும்.

பாதி தண்ணீர், பாதி வானம்

எல்லோரும் ஆசைப்படும் படம் இது. கீழே சிவந்த மீன்கள், மேலே மஞ்சளாகும் காட்டன்வுட் மரங்கள். இதற்கு மட்டும் பெரிய கேமராவும் எட்டு அங்குல டோமும் உண்மையாகவே உதவும். சிறிய டோமில் நீர்க்கோடு பட்டையாகத் தடித்துவிடும். டோமுக்குள் தெரியும் நீரடிக் காட்சி லென்ஸுக்கு மிகக் கிட்டே உருவாகிறது, வானமோ தூரத்தில். இரண்டும் தெளிய எஃப் 11 முதல் எஃப் 16 வரை மூடி, மீன்மேல் ஃபோகஸ் வையுங்கள். சூரியன் உங்கள் முதுகுப் பக்கம் இருந்தால் மேல் பாதி வெளிறாது. டோமின் மேல் பாதியில் நீர்த்துளி நிற்பதுதான் தலைவலி. முழுவதும் அமிழ்த்தித் தூக்கிய அடுத்த விநாடியே அழுத்துங்கள், நீர்ப்படலம் இன்னும் துளியாக உடையாமல் இருக்கும்.

பனி மூட்டம்: என் முட்டாள்தனம்

நேரம் மிச்சம் என்று, கோலாலம்பூரில் மழை பெய்த ஒரு ராத்திரி, வீட்டு ஹாலில் உட்கார்ந்து கைக்கேமராவை ஹவுசிங்கில் போட்டுப் பூட்டினேன். நம் ஊர்க் காற்றின் ஈரமெல்லாம் உள்ளே. அதை அப்படியே பத்து டிகிரி நீரில் இறக்கினால் என்ன நடக்கும்? கண்ணாடி உள்பக்கம் வியர்த்தது. முதல் நாள் எடுத்த எண்ணூற்றுச் சொச்சம் படங்களில் மீன்கள் எல்லாம் சாம்பிராணிப் புகைக்குள் நீந்துகின்றன. விடுதி அறையில் ஹீட்டர் ஓடி உலர்ந்திருக்கும் காற்றில் மூடுங்கள், உள்ளே புது சிலிக்கா ஜெல் பை ஒன்று வையுங்கள். குளித்து முடித்த அறையில் மூடாதீர்கள். சுங்கை சிலிங்குக்குப் போகும்போதும் ஏர்கான் ஓடும் காருக்குள் மூடுவது நல்லது.

கண்ணாடிக்குப் பின்னால்: சித்தோசே

ஹொக்காய்டோவின் நியூ சித்தோசே விமான நிலையத்துக்குப் பக்கத்து ஊரிலேயே சால்மன் மீன்காட்சியகம் ஒன்று இருக்கிறது. அதன் கீழ்த்தளத்தில் சித்தோசே ஆற்றுக்குள்ளேயே திறக்கும் கண்ணாடி ஜன்னல்கள் உண்டு. தொட்டி இல்லை, நிஜ ஆறு. இலையுதிர் காலத்தில் சம் சால்மன் அந்த ஜன்னலைக் கடந்து ஏறும். சாக்கை அளவுக்குச் சிவக்காது, உடலில் கறுப்பும் ஊதாவுமாகப் பட்டைகள் விழும். மலேசிய இ-கடப்பிதழுக்கு ஜப்பானில் குறுகிய காலச் சுற்றுலாவுக்கு விசா வேண்டியதில்லை. லென்ஸைக் கண்ணாடியில் ரப்பர் ஹுட்டோடு ஒட்டி வைத்து, தலைக்குமேல் கறுப்புத் துணியைப் போர்த்திக்கொண்டால் பிரதிபலிப்பு போய்விடும். கண்ணாடியைச் சாய்வாகப் பார்க்காதீர்கள், நேராகப் பாருங்கள். பழைய ஸ்டுடியோக்காரர் மாதிரி துணிக்குள் நின்றால் பின்னால் குழந்தைகள் சிரிப்பார்கள்.

கழுவுதல்

சுங்கை சிலிங்கில் நனைந்த எதையும் அப்படியே இன்னொரு நாட்டு ஆற்றில் இறக்காதீர்கள். மீன்களைத் தாக்கும் சுழல் நோய் 2023 முடிவில் பிரிட்டிஷ் கொலம்பியாவிலும் கண்டறியப்பட்டது, ஆறு விட்டு ஆறு போகும் ஈரச் சாமான்களில் இது போன்றவை தொற்றிப் பரவும். கம்பு, கயிறு, பூட்ஸ், அடித்தட்டு எல்லாவற்றையும் மண் போகத் தேய்த்துக் கழுவி, கம்பின் உள்ளே தேங்கிய நீரை வடித்து, முழுவதும் காயவிட்டுப் பெட்டியில் வையுங்கள். திரும்பி வரும்போதும் இதே வேலை. தோசைக்கல்லுக்கு மட்டும் கூடுதலாக நல்லெண்ணெய் தடவ வேண்டும், இல்லையென்றால் துரு பிடிக்கும்.